வேலையை விடலாமா என்று கேட்டவருக்கு

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடமாக ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறீர்கள். இரவில் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறீர்கள், இதுவரை மூன்று புத்தகம் வந்திருக்கிறது. கல்லூரி நண்பர் ஒருவர் புதிதாகத் தொடங்கும் டெக்னாலஜி கம்பெனிக்குக் கூப்பிடுகிறார். பாதிச் சம்பளம், 2 சதவீதப் பங்கு. அது வேண்டாம் என்றால் தனியாக உட்கார்ந்து படம் வரைந்தே பிழைக்கலாமா என்றும் யோசிக்கிறீர்கள். உங்கள் அண்ணன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தள்ளிவிட்டார். "டெக்னாலஜி கம்பெனி என்பது அடுத்தவன் காசில் ஊதின பலூன், ஃப்ரீலான்ஸ் என்பது வேலை கிடைக்காதவன் வைத்துக்கொள்ளும் பெயர், படம் வரைந்து பிழைத்தவன் யாரும் கிடையாது" என்கிறார். அவர் சொல்வதில் எவ்வளவு உண்மை, காசுக்கு வரைய ஆரம்பித்தால் வரையும் ஆசையே போய்விடுமா என்று கேட்கிறீர்கள்.

இந்த வழிகள் எல்லாவற்றிலும் நான் நடந்திருக்கிறேன். நான்கு வருடம் ஒரு சின்ன டெக்னாலஜி கம்பெனியில் டிசைனராக இருந்தேன். அது கைமாறியபோது வெளியே வந்தேன். 13 வருடமாகச் சொந்தமாக டிசைனும் ஓவியமும் செய்து பிழைக்கிறேன். உங்கள் அண்ணன் பயப்படுவது நியாயம்தான். அவர் சொல்லும் ஆபத்து எல்லாமே இருக்கிறது. ஆனால் அவர் சந்தேகப்படுவது உங்கள் திறமையை, அந்தத் தொழிலை. என்னைக் கேட்டால் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் காகிதத்தை. பணம் தருபவருக்கும் உங்களுக்கும் நடுவில் யார் இருக்கிறார், அவர் நாளைக்கு மனம் மாறினால் உங்கள் கையில் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். எந்த வழியில் போனாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

நண்பரின் கம்பெனியிலிருந்து தொடங்குகிறேன். பலூன் என்ற பேச்சுக்கு ஆதாரம் நிறைய உண்டு. அலுவலக இடத்தை வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்ட வீவொர்க் கம்பெனிக்கு 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் மதிப்பு போட்டார்கள். அதே வருடம் பங்குச் சந்தைக்கு வருவதற்காகக் கணக்கைத் திறந்து காட்டியதும் சந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது, பங்கு வெளியீடே கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் திவால் மனு போட்டார்கள். கைபேசிக்கான குறும்படச் சேவை என்று வந்த குயிபி 175 கோடி டாலர் திரட்டியது. 2020 ஏப்ரலில் திறந்தார்கள், அக்டோபரிலேயே மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். 2009-இல் பிறந்த ஊபர், முழு ஆண்டுக்குச் செயல்பாட்டு லாபம் காட்டியது முதல் முறையாக 2023-இல். அத்தனை வருடமும் ஓடியது முதலீட்டுப் பணத்தில்.

இதையெல்லாம் மோசடி என்று ஒதுக்கிவிட்டால் விஷயம் புரியாமல் போய்விடும். இந்த முதலீட்டின் கணக்கே வேறு. ஒரு முதலீட்டு நிதி இருபது முப்பது கம்பெனிகளில் பணம் போடுகிறது. பெரும்பாலானவை போட்ட பணத்தைக்கூடத் திருப்பித் தராது என்று தெரிந்துதான் போடுகிறார்கள். ஒன்றோ இரண்டோ பல மடங்காகப் பெருகி மொத்தத்தையும் ஈடுகட்டிவிடும். அதனால் ஒவ்வொரு கம்பெனியையும் "ஒன்று பெரிதாகு, இல்லையென்றால் சீக்கிரம் முடிந்துபோ" என்ற திசையில்தான் தள்ளுவார்கள். மெதுவாக வளர்ந்து நாற்பது பேருக்குச் சம்பளம் தரும் நல்ல கம்பெனி அவர்கள் கணக்குக்கு உதவாது. அவர்களுக்கு முப்பது வாய்ப்பு இருக்கிறது. உங்களுக்கு இருப்பது ஒன்று, அதுவும் உங்கள் வயதில் நான்கு வருடம். ஒரே கம்பெனியில் இருவருமே இருந்தாலும் இருவரும் எடுப்பது ஒரே ரிஸ்க் இல்லை.

இப்போது அந்த 2 சதவீதத்தைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வேலைக்கு வருபவர்கள் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலீட்டாளர்கள் மொத்தம் 100 போட்டார்கள், அதற்கு 40 சதவீதப் பங்கு வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்து கம்பெனி 120-க்கு விலைபோகிறது. உங்களுக்கு 2 சதவீதம், அதாவது 2.4 வரும் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் முதலீட்டாளர்களின் பங்கு பெரும்பாலும் முன்னுரிமைப் பங்காக இருக்கும். போட்ட 100-ஐ முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அதில் உண்டு. 40 சதவீதம் என்று பிரித்தால் அவர்களுக்கு 48-தான் வரும், 100 எடுத்தால் 100. எதை எடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. மிச்சம் 20. அதை மீதி 60 சதவீதக்காரர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் பங்குக்கு வருவது ஏறக்குறைய 0.67. கம்பெனி 100-க்கோ அதற்குக் கீழோ விலைபோயிருந்தால் சுத்தமாக ஒன்றும் இல்லை. இது இடையில் புதிய முதலீடு வந்து உங்கள் 2 சதவீதம் ஒன்றரையாகவோ அதற்கும் கீழோ சுருங்காமல் இருந்தால் வரும் கணக்கு. பெரும்பாலும் சுருங்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. செய்தியில் தொகை பெரிதாக வந்தது, வீட்டில் எல்லோரும் கூப்பிட்டு வாழ்த்தினார்கள். இரண்டு நாள் கழித்து மீட்டிங் அறையில் ஒரு அட்டவணையைத் திரையில் போட்டார்கள். பெயர், பங்குகளின் எண்ணிக்கை, பங்கின் வகை, கிடைக்கும் தொகை என்று நான்கு பத்தி. நாங்கள் எல்லோரும் கடைசிப் பத்தியைத் தேடினோம். பார்க்க வேண்டியது மூன்றாவது பத்தி என்று அப்போதுதான் உறைத்தது. மேலே நான்கு பெயருக்கு நேராக "முன்னுரிமை". அதற்குக் கீழே, என் பெயர் உட்பட, எல்லாவற்றுக்கும் "சாதாரண". நான்கு வருடத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு மாதச் சம்பளத்தைவிடக் குறைவு. யாரும் சட்டத்தை மீறவில்லை. எல்லாம் முதல் நாள் நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண், கம்பெனி தொடங்கிய மாதத்தில் சேர்ந்தவர், ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். அது இன்றைக்கும் என் மனதில் இருக்கிறது.

அதனால் நண்பரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அந்த 2 சதவீதம் எந்த வகைப் பங்கு? எத்தனை வருடத்தில் உங்கள் கைக்கு வந்து சேரும்? வழக்கம் நான்கு வருடம், முதல் வருடம் முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. பதினோராவது மாதம் உங்களைப் போகச் சொன்னால் என்ன ஆகும்? கம்பெனிக் கணக்கில் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது? நண்பரும் பாதிச் சம்பளம்தான் எடுக்கிறாரா? விட்டுக்கொடுக்கும் மீதிப் பாதி, பிறகு தர வேண்டிய கடனாகக் கணக்கில் ஏறுமா, இல்லை அப்படியே போய்விடுமா? நல்ல நண்பர் என்றால் இந்தக் கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார். "நமக்குள் என்ன இதெல்லாம்" என்று சொன்னால், அதை அன்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் கருத்தில் சம்பளத்தை மட்டும் வைத்து அந்த வேலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். பங்கைச் சைபர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சரி என்று பட்டால் போகலாம், நிறையக் கற்றுக்கொள்வீர்கள். எனக்கும் அந்த நான்கு வருடம் கற்றுத்தந்தது அதிகம்.

சரி, சொந்தத் தொழிலுக்கு வருவோம்.

பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1937-இல் எளிதாகத் தோன்றும் ஒரு கேள்வியைக் கேட்டார். சந்தையில் எல்லாவற்றையும் அவ்வப்போது விலைக்கு வாங்கிக்கொள்ளலாமே, நிறுவனம் என்று ஒன்று ஏன் இருக்கிறது? அவர் சொன்ன பதில், சந்தையைப் பயன்படுத்தவே செலவு ஆகிறது என்பது. ஆளைத் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் செலவு அதிகமாகும் இடத்தில் நிறுவனம் பிறக்கிறது. தனியாகத் தொழில் செய்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது என்பேன். இன்றைக்கு உங்கள் கம்பெனியில் வேலை தேடித் தருவது ஒருவர், விலை பேசுவது ஒருவர், பணம் வசூலிப்பது ஒருவர். வெளியே வந்ததும் அந்த மூவரும் நீங்கள்தான். அந்த மூன்று வேலைக்கும் யாரும் பில் கட்ட மாட்டார்கள்.

முதல் வருடம் நான் ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுதி வைத்தேன். எந்த வேலைக்குப் பில் போட முடிந்ததோ அதற்குக் கருப்பு மை, மற்றதற்குச் சிவப்பு. பக்கம் பக்கமாகச் சிவப்புதான். மாதிரி அனுப்பியது, விலைப் பட்டியல் எழுதியது, "நாளைக்குச் சொல்கிறோம்" என்றவர்களுக்குத் திரும்ப நினைவூட்டியது, கணக்கு எழுதியது, கெட்டுப்போன கணினியைச் சரிசெய்தது. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் கருப்பு பாதிக்கும் கீழே. இத்தனைக்கும் அது வேலை நன்றாக வந்த வருடம்.

இதிலிருந்து உங்கள் நாள் கூலியைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வருடத்தில் 365 நாள். சனி, ஞாயிறு 104 போகட்டும். பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள், ஓய்வு எல்லாம் சேர்த்து 30 போகட்டும். மிச்சம் 231. அதில் பாதிதான் கருப்பு மை என்றால் சுமார் 115 நாள். பன்னிரண்டு மாதச் சம்பளத்தை இந்த 115 நாளில் சம்பாதிக்க வேண்டும். ஒரு நாளுக்கு ஏறக்குறைய மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வருகிறது. ஆனால் புதிதாக வெளியே வரும் எல்லோரும், நானும்தான், மாதச் சம்பளத்தை 22 வேலை நாளால் வகுத்து அதையே கூலியாகச் சொல்கிறோம். வாங்க வேண்டியதில் பாதிகூட இல்லை. இதற்கு மேல் மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்காலச் சேமிப்பு, கணினி, மென்பொருள் என்று இதுவரை முதலாளி கட்டியது தனி. அதையும் சேர்த்தால் அந்த 22 நாள் கூலியைப் போல இரண்டரை மடங்குக்குக் கீழே இறங்க முடியாது. "இவ்வளவா?" என்று கிளையன்ட் கேட்பார். இந்தக் கணக்கு மனதில் தெளிவாக இருந்தால் குரல் நடுங்காமல் "ஆமாம்" என்று சொல்ல முடியும்.

அப்புறம் வசூல். வேலை முடித்துப் பணம் வராமல் நிற்பது உங்கள் சாமர்த்தியக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலகம் முழுக்க இது எவ்வளவு பெரிய நோய் என்பதற்குச் சட்டங்களே சாட்சி. பில் பணத்தைத் தாமதமாகத் தருவதைத் தடுக்கவென்றே ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. இந்தியாவில் 2006-இன் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் 45 நாள் என்று எல்லை போட்டது. நியூயார்க் நகரம் 2017 முதல், 800 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், தேதி குறிப்பிடாவிட்டால் 30 நாளில் பணம் தர வேண்டும் என்றது. சட்டம் இருந்தாலும் அடுத்த வேலை தரப்போகும் ஆளோடு யார் வழக்காடுவார்கள்? அதனால்தான் முன்பணம்.

ஒருமுறை பெரிய நிறுவனம் ஒன்றில் ஏழு மாதம் என் பணம் நின்றது. வேலையைக் கொடுத்தவர் நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் "அக்கவுண்ட்ஸில் கேட்கிறேன்" என்பார். கடைசியில் நானே கணக்குப் பிரிவுக்குப் போன் போட்டேன். என் பில் ஏழு மாதமாக ஒரு ட்ரேயில் கிடந்திருக்கிறது. காரணம், அவர்கள் பட்டியலில் எனக்கு வெண்டர் எண் இல்லை. அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும், அப்படி ஒன்று இருப்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. படிவம் கொடுத்து பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. அன்றிலிருந்து வேலை தொடங்கும் முன்பே மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். பில் யார் பெயருக்கு, பணம் போடுவது மாதத்தில் எந்தத் தேதியில், அதற்கு முன் என்னென்ன காகிதம் வேண்டும். இதைக் கேட்டதற்காக யாரும் என்னைவிட்டுப் போகவில்லை.

இணையத்தில் வேலை பிடித்துத் தரும் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைவர் எடுக்கும் கமிஷன் 20 சதவீதம். அப்வொர்க்கின் கட்டண முறையோ 2016-இல் ஒரு விதம், 2023-இல் வேறு விதம் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கமிஷன்கூடப் பெரிய வலி இல்லை, தேடித் தருவதற்குக் கூலி என்று நினைத்துக்கொள்ளலாம். அங்கே ஐந்து வருடம் உழைத்து வாங்கின நட்சத்திரமும் பாராட்டும் அந்த வாசலைத் தாண்டி வராது. கணக்கை முடக்கிவிட்டால் முதல் நாள் வந்தவரும் நீங்களும் ஒன்றுதான். வேலை பழக அங்கே போகலாம். ஆனால் வருமானம் முழுவதும் அங்கிருந்தே வருகிறது என்றால் அதற்குப் பெயர் சுயதொழில் இல்லை, உரிமைகள் இல்லாத வேலை. இந்த இடத்தில் உங்கள் அண்ணன் பக்கம் நான் முழுதாக நிற்கிறேன்.

"பத்தில் ஒன்பது தொழில் படுத்துவிடும்" என்றும் அண்ணன் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது மிகை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை, ஆள் வைத்து நடத்தும் புதிய தொழில்களைப் பல வருடமாகத் தொடர்ந்து பார்த்துவருகிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்தில் மூடப்படுகிறது, ஐந்து வருடத்துக்குள் பாதி. பாதி என்பதே பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் மூடியவர் எல்லோரும் கடனாளி ஆனவர் இல்லை. நல்ல வேலை கிடைத்துப் போனவரும் அதில் இருக்கிறார்.

படம் வரைந்து பிழைப்பது, உங்கள் மனம் இருக்கும் இடம் இதுதான் என்று கேள்வியைப் படிக்கும்போதே தெரிந்தது. இதில் அண்ணனின் சந்தேகத்துக்கு நல்ல அடிப்படை இருக்கிறது. ஷெர்வின் ரோசன் என்ற பொருளாதார அறிஞர் 1981-இல் இதை விளக்கினார். ஒருவர் பாட்டை ஒரே நேரத்தில் ஒரு அறைக்குத்தான் கேட்கவைக்க முடியும் என்ற காலத்தில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாடகர் பிழைக்கலாம். பதிவும் ஒலிபரப்பும் வந்த பிறகு, கொஞ்சமே மேலான ஒருவர் உலகம் முழுவதற்கும் பாடிவிடுகிறார். திறமையில் நூலளவு வித்தியாசம், வருமானத்தில் மலையளவு வித்தியாசம். இணையம் இந்தக் கணக்கை இன்னும் கூர்மையாக்கியது. முன்னணியில் இருக்கும் சிலரைப் பார்த்து "நாமும் வரலாம்" என்று கிளம்புவது, பரிசு விழுந்தவரைப் பார்த்து லாட்டரி வாங்குவது போல ஆகிவிடும்.

2008-இல் கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் இதற்கு ஒரு மாற்று சொன்னார். கோடிப் பேர் வேண்டாம், நீங்கள் எதைச் செய்தாலும் வாங்கும் 1,000 பேர் போதும், ஒவ்வொருவரும் வருடம் 100 டாலர் தந்தால் ஒரு லட்சம் டாலர். கூட்டல் கழித்தலில் தவறில்லை, பலருக்கு இது தைரியம் தந்தது, எனக்கும் தந்தது. கூடவே பார்க்க வேண்டியது, அந்த 1,000 பேர் கிடைக்க எத்தனை ஆயிரம் பேருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது. அந்த அறிமுகம் பெரும்பாலும் யாரோ ஒருவரின் தளம் வழியாகத்தான் நடக்கிறது. குழாய் அவர்கள் கையில்.

அந்தக் குழாயை எப்படித் திருகினார்கள் என்று பாருங்கள். யூடியூப் 2018 ஜனவரியில் ஓர் அறிவிப்பு செய்தது. 1,000 சந்தாதாரரும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாத சேனலுக்கு விளம்பரப் பணம் கிடையாது. அதற்கு முன் மொத்தம் 10,000 பார்வை போதும் என்றிருந்தது. ஸ்பாட்டிஃபை 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி இல்லை என்றது. ஆறு விநாடி வீடியோவுக்கான வைன் தளத்தில் பெரிய கூட்டம் சேர்த்தவர்கள் இருந்தார்கள். 2016 அக்டோபரில் டுவிட்டர் அதை மூடப்போவதாகச் சொன்னது, சில மாதத்தில் மூடிவிட்டது. இன்னும் ஒன்று. ஃபேஸ்புக்கில் வீடியோதான் எடுபடுகிறது என்று நம்பி, பல செய்தி நிறுவனங்கள் எழுதுபவர்களைக் குறைத்து வீடியோ எடுக்க ஆள் வைத்தன. சராசரிப் பார்வை நேரத்தைத் தவறாக, அதிகமாகக் காட்டிவிட்டோம் என்று ஃபேஸ்புக்கே 2016-இல் ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்கு மேல் பார்த்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டதால் எண் உப்பியிருந்தது. விளம்பரம் கொடுத்தவர்கள் போட்ட வழக்கு 2019-இல் 4 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வேலை போன எழுத்தாளர்களுக்கு அந்தச் சமரசத்தில் இடமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ரசிகர்கள் கலைஞர்களுக்கு நேராகப் பணம் தந்து ஆதரிக்க உதவும் பேட்ரியான் தளம், 2017 டிசம்பரில் கட்டண முறையை மாற்றி, ஆதரவாளர்கள் தரும் ஒவ்வொரு தொகைக்கும் 2.9 சதவீதமும் 35 சென்ட்டும் அவர்கள் தலையிலேயே கட்டப்போவதாக அறிவித்தது. மாதம் ஒரு டாலர் தருபவருக்கு இது பெரிய சுமை. கலைஞர்களும் ஆதரவாளர்களும் சேர்ந்து கொதித்ததில் ஒரு வாரத்துக்குள் தளம் மன்னிப்புக் கேட்டு மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. அந்த மாதிரி நாட்களில், ஆதரவாளர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கையில் வைத்திருப்பவர் நேராக அவர்களுக்கே எழுதி நிலைமையைச் சொல்ல முடியும். அதனால் எந்தத் தளத்தில் படம் போட்டாலும் சரி, பார்ப்பவரில் சிலரையாவது உங்கள் சொந்த முகவரிப் பட்டியலுக்கு வரவையுங்கள். முந்நூறு பேர் போதும். என் வேலையில் பெரும்பகுதி அப்படிப்பட்ட ஒரு சின்னப் பட்டியலிலிருந்துதான் வருகிறது.

ஓவியத்தில் நீங்கள் உண்மையில் விற்பது என்ன என்று யாரும் சொல்லித்தருவதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தொடக்க நாட்களில் ஒரு பதிப்பகத்துக்கு ஓர் அணில் வரைந்தேன். சின்னப் புத்தகம், சின்னத் தொகை, மொத்தம் பன்னிரண்டு படம். இரண்டு வருடம் கழித்து ஒரு கடையில் பள்ளிப் பைகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு பையிலும் என் அணில். வாலை ஒரு பக்கம் மடித்து, காதில் ஒரு கீறலோடு நான் வரைந்த அதே அணில். பென்சில் டப்பாவிலும் இருந்தது. ஒரு பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். "எல்லா வடிவங்களிலும், எல்லா உரிமைகளும், எக்காலத்துக்கும்" என்று ஒரே ஒரு வரி. ஒரு புத்தகத்துக்கான விலையில் அணிலையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கேட்க எனக்கு இடமில்லை.

பல நாடுகளின் சட்டத்தில், ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குச் சொந்தம், தனி ஆளாகச் செய்தது எழுதிக் கொடுக்காதவரை பொதுவாகச் செய்தவருக்கே சொந்தம். ஃப்ரீலான்ஸ் ஓவியரின் பெரிய சொத்தே இதுதான். இதை ஒரு வரியில் விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். "இந்த மொழிப் பதிப்புக்கு, அச்சில், ஐந்து வருடத்துக்கு" என்று எழுதுங்கள். வேறு மொழி, பொம்மை, பை, அனிமேஷன் எல்லாம் தனிப் பேச்சு. எல்லா உரிமையும் வேண்டும் என்றால் அதற்கு விலை வேறு. கூடவே இரண்டு வரி சேருங்கள். எத்தனை முறை திருத்தம் விலைக்குள் அடங்கும் என்று ஒன்று, வேலை பாதியில் நின்றால் எவ்வளவு தருவார்கள் என்று ஒன்று. "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று காசில்லாமல் கேட்பவர்களுக்கு நான் பதில்கூட நிதானமாகவே எழுதுவேன், ஆனால் பதில் "முடியாது" என்பதுதான்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் கேட்டிருந்தீர்கள். எழுதிக் கேட்டதைப் படமாக்கித் தரும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 2022 ஆகஸ்டில் வந்தது, அதே வருடம் நவம்பரில் சாட்ஜிபிடி. என் கண் முன்னால் முதலில் போனவை சின்ன வேலைகள். கட்டுரைக்கு ஓரத்தில் ஒரு படம், விளம்பரத்துக்குப் பின்னணி, முகப்புக்கு ஒரு சின்ன ஓவியம். என் போன்றவருக்கு அது கொஞ்சம் நஷ்டம். இப்போது நுழைபவருக்குப் பெரிய நஷ்டம், ஏனென்றால் கை பழகியதே அந்த வேலைகளில்தான். எனக்கு இது மனதைப் பிசைகிறது. 2023-இல் ஹாலிவுட் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலை நிறுத்தம் செய்து, இயந்திரம் எழுதியதை எழுத்தாளரிடம் கொடுத்தால் அதைச் சொல்லியாக வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் ஏற்றினார்கள். சங்கம் இருந்ததால் முடிந்தது. தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து வரையும் நமக்கு அப்படி ஒன்று இல்லாத இடமே அதிகம். சக ஓவியர்களோடு விலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில் இருந்தாவது தொடங்க வேண்டும். அதைச் செய்யும் சின்னக் குழு எனக்கு இருக்கிறது, அது இல்லாமல் நான் இத்தனை வருடம் நின்றிருக்க மாட்டேன்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் நாளைக்கே ராஜினாமா எழுத மாட்டேன். வாரம் நான்கு நாள் வேலைக்கு, குறைத்த சம்பளத்தில், இப்போதைய நிறுவனம் சம்மதிக்குமா என்று முதலில் கேட்பேன். ஆறு வருடம் இருந்தவருக்கு மறுப்பது அவர்களுக்கும் கடினம். ஆறு மாதச் செலவு வங்கியில், குறைந்தது மூன்று இடத்திலிருந்து ஓவியத்துக்குப் பணம், அதில் எந்த ஒன்றும் மொத்தத்தில் பாதியைத் தாண்டாமல். இந்த மூன்றும் ஒரு வருடம் நிலைத்தால் வெளியே வாருங்கள். நண்பரின் கம்பெனி, மேலே சொன்ன கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வந்தால் மட்டும்.

கடைசியாக, ஆசை போய்விடுமா என்ற கேள்வி. 1973-இல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் இரண்டு சகாக்களும் ஒரு மழலையர் பள்ளியில், தானாகவே ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். முதல் கூட்டத்துக்கு, வரைந்தால் ஒரு சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்பே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் மட்டும், விளையாட்டு நேரத்தில் படம் வரைவதை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களின் ஆசை குறையவில்லை.

எனக்கும் இது பொருந்தியது. இரண்டாம் வருடம் எனக்குக் கை ஓடவில்லை, வீட்டில் பென்சிலைத் தொடவே பிடிக்கவில்லை. அதற்கப்புறம் காலையில் முதல் ஒரு மணி நேரம் யாரும் கேட்காததை மட்டும் வரைகிறேன். அதற்கு விலை இல்லை, தேதி இல்லை. சில வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. எனக்கு வந்த நல்ல வேலைகளில் பல, அந்தக் காலைப் படங்களில் ஒன்றை எங்கோ பார்த்து "இது மாதிரி வேண்டும்" என்று கேட்டு வந்தவை. உங்கள் இரவு நேரப் படங்களை யாராவது வரைந்த பிறகு விலைக்குக் கேட்டால் தாராளமாக விற்கலாம். ஆர்டரின் பேரில் வரைவதற்கு மட்டும் வேறு நேரம் ஒதுக்குங்கள், அந்த இரவை அப்படியே விட்டுவிடுங்கள்.